செப்டிக் மாமாவும் ஒரு வாளி உறையும்

சென்னையில் மக்கள் எதற்கெல்லாமோ கொடி பிடித்திருக்கிறார்கள். கழிவுத் தொட்டிக் கிருமிகளுக்காகக் கொடி பிடித்தவர் செப்டிக் மாமா ஒருவர்தான். தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில், பாதாளச் சாக்கடை எட்டிப் பார்க்காத எங்கள் அடையாறு தெருவில், எட்டு வீட்டு அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

தினமும் காபி குடித்த கையோடு தொட்டியின் காற்றுக் குழாய் அருகே நின்று மூச்சை இழுப்பார். திருப்தி என்றால் கச்சேரியில் முன்வரிசைக்காரர் போலத் தலையாட்டுவார். யாராவது ஆசிட் ஊற்றினால் மோப்பம் பிடித்துக் கதவைத் தட்டுவார். கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர் நம் அழுக்கைத் தின்று தீர்க்கிறார்கள், அவர்களைக் கொன்றால் தொட்டி கெடும், பிறகு மண், பிறகு கிணறு என்று அரைமணி நேரம் பேசுவார்.

அவருடைய பரம எதிரி என் அம்மா. பினாயில் மணக்காத வீட்டை வீடாகவே மதிக்கமாட்டாள். அக்காவின் நிச்சயதார்த்தத்தைக் கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டு நடத்துவதென்று முடிவானதும், மாடி மாடியாக ஏறிப் பிரசாரம் செய்து மாமா வீடு தவிர ஏழு வீட்டிலும் பினாயிலும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடருமாகக் கொட்ட வைத்தாள். பதினைந்தே நாளில் தொட்டி நாற ஆரம்பித்தது. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போயும், நாலாம் நாள் பழைய கதைதான். மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு மாதமே பாக்கி. இந்த நாற்றத்தில் யார் உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொள்வார்கள்? அம்மா அழுதேவிட்டாள். வேறு வழியில்லாமல் மாமா வீட்டுக்குப் போனாள்.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "உங்காத்துல பால் தோய்க்க மோர் இல்லேன்னா என்ன பண்ணுவேள்?" என்று கேட்டார்.

"பக்கத்தாத்துல உறைக்கு ஒரு கரண்டி வாங்குவேன்."

"இதுவும் அதேதான்."

அம்மாவுக்கு விஷயம் புரிந்த பிறகு ஒரு வாரம் மோர் இறங்கவில்லை.

மறுநாள் மாமா வாளியுடன் பக்கத்து வீட்டுக்குப் போனார். அது தி.நகரில் துணிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சியின் வீடு. அங்கே பினாயில் நுழைந்ததே இல்லை, ஆகவே தொட்டி அமோகம் என்பது மாமாவின் கணிப்பு. அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம தொட்டியிலயா? எத்தன வாளி வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க, சாமி" என்றார்.

மாமா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த உறையை எங்கள் தொட்டியில் ஊற்றினார். அம்மா தன் பினாயில் புட்டிகளை அவரிடமே ஒப்படைத்துவிட்டுத் தேங்காய் நாரால் தரையைத் தேய்த்தாள். மூன்றாவது வாரம் நாற்றம் குறைந்தது.

நிச்சயதார்த்தத்தன்று மல்லிகையும் கேசரியும்தான் மணத்தன. மாப்பிள்ளையின் அப்பா, ஜமக்காளத்துக்குக் கீழே தொட்டி மூடி இருப்பது தெரியாமல், நல்ல காற்றோட்டமான இடம் என்று பாராட்டினார்.

பந்தியில் மாமாவைக் காணோம். அம்மா தேடிக்கொண்டு போனாள். காற்றுக் குழாய் அருகே நின்றிருந்தார்.

"சாப்பிட வரலையா மாமா?"

"நூறு பேர் வந்திருக்கா. பாவம், தொட்டிக்குள்ள இருக்கறவாளுக்கு இன்னிக்கு வேலை ஜாஸ்தி. கொஞ்ச நேரம் துணைக்கு இருக்கேன்."

அம்மா உள்ளே போய், சம்பந்திக்கே இன்னும் பரிமாறாத பாயசத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அக்கா கல்யாணத்தை நடத்தி வைத்தது யார் என்று கேட்டால், எங்கள் வீட்டில் இன்றும் சாஸ்திரிகளைச் சொல்லமாட்டோம்.