மஞ்சூர் பஸ்ஸில் வந்த சங்கு

என் டைரியில் அடித்தல் திருத்தல் கிடையாது, ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. அந்தப் பக்கத்தில் 'சங்கு' என்ற சொல்லை மூன்று முறை அடித்துவிட்டு, நான்காவது முறையும் 'சங்கு' என்றே எழுதியிருக்கிறேன். (வேறு சொல் இல்லையே, என்ன செய்ய?)

அப்போது எனக்கு முப்பது வயது. மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முதலாளி கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்த்துத்தான் சொல்வார். இதற்கிடையில் மாதா திருவிழாவுக்காக இரண்டு நாள் லீவில் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் கடற்கரை ஊருக்குப் போயிருந்தேன். பெரிய கிளார்க் கிருஷ்ணசாமி போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, நம்ம பேக்டரி சங்கு போயிருச்சு. திங்கக்கிழம மொதலாளி வர்றாருங்க. தூத்துக்குடியில, ஹார்பர் பக்கம் நல்லதாக் கெடைக்கும்ங்கறாங்க. பெரிசா, சத்தம் தூரமாக் கேக்கற மாதிரி ஒண்ணு வாங்கியாந்துருங்க."

சொன்னதை அப்படியே டைரியில் எழுதிக்கொண்டேன். ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. வேலைக்கும் சாப்பாட்டுக்கும் ஊதுகிற சைரனை மலையில் 'சங்கு' என்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சேர்ந்த நாளிலிருந்தே அது ஊமையாகக் கிடந்தது. எங்கள் ஊரில் மில்லும் இல்லை. சங்கு என்றால் கடலில் கிடைப்பது ஒன்றுதான். பூஜைக்குக் கேட்கிறார் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

கடையில் முக்கால் மணி நேரம் தேடி, தேங்காயைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்தேன். "சுத்தம் பண்ணியாச்சுல்லா?" என்று கேட்டதற்கு, "உள்ள ஒண்ணுமே கெடையாது அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

உள்ளே இருந்தது. சங்கு என்பது ஒரு நத்தை கட்டிய வீடு. தன் உடம்பிலிருந்து சுண்ணாம்பைக் கசியவிட்டு, சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டே போகும். அப்படிக் கட்டியவரின் வால் பகுதி கடைசிச் சுற்றில் குடியிருந்திருக்கிறது. குன்னூர் வரை அது அமைதி காத்தது. மஞ்சூர் பஸ்ஸில், குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்திய பிறகு தன் இருப்பைத் தெரிவித்தது.

கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஏனுங்க, பையில என்ன, கருவாடுங்களா?"

"இல்லீங்க, சங்கு."

"எப்பச் செத்துச்சு?"

அங்கிருந்து மஞ்சூர் வரை என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. மழைச் சாரலில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன.

திங்கட்கிழமை காலை 8.10. சங்கை மேஜை மேல் வைத்தேன். கிருஷ்ணசாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

"இதுக்கு ஒயரு எங்கீங்க தம்பி?"

விஷயம் விளங்கியபோது என் காது சூடானது. நாற்பது ஏக்கரில் பனிமூட்டம். போன் சிக்னல் இல்லை. பறித்த கொழுந்தை எடை போடும் பதினொரு மணி நிறுவைக்கு ஆட்கள் நேரத்துக்கு வருவதே இல்லை என்று புகார் போய், அதைப் பார்க்கத்தான் முதலாளி வருகிறார். சங்கு ஊதாவிட்டால் யார் வருவார்கள்?

"மொதலாளிகிட்ட நானென்ன சொல்லட்டும்? சைரன் கேட்டேன், நத்தை வந்துச்சுன்னா?" என்றார்.

ஃபிட்டர் போஜன் மட்டும் சங்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நுனிய அறுத்தா ஊதலாங்க" என்று ரம்பத்தை எடுத்தார். அறுத்ததும் வந்த வாடையில் கிருஷ்ணசாமி வெளியே போய்விட்டார். வெந்நீர் ஊற்றி, கம்பி விட்டுக் குடைந்து, உள்ளே இருந்தவரை வெளியேற்றினோம்.

சரியாக 10.45-க்கு முதலாளியின் ஜீப் வந்து நின்றது. நான் பேக்டரி மேட்டில் ஏறி ஊதினேன். முதலில் சளி பிடித்த எருமை போல ஒரு சத்தம். உதட்டை இறுக்கி மறுபடி ஊதியதும், மலை முழுக்க நீளமாகப் போயிற்று. ஒழுங்கானவன் அல்லவா, சம இடைவெளி விட்டு மூன்று முறை ஊதினேன்.

எங்கள் ஊரில் சாவுக்கு மாதா கோயில் மணிதான் அடிப்பார்கள். இங்கே நீளமாக மூன்று சங்கு என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒன்பதே நிமிடத்தில் கொழுந்து பறிக்கிற மொத்தப் பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். அறுபத்து மூன்று பேர், ஒருவர் குறையவில்லை. முதுகில் கொழுந்து மூட்டை, வாயில் முந்தானை. வழக்கமாகக் கடைசியில் வருகிற செல்லம்மாதான் முதல் ஆள். அழுதுகொண்டே வந்தவர் தராசுப் பக்கம் நின்ற கிருஷ்ணசாமியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார்.

"ஐயா, நீங்க இருக்கீங்களா? வயசுல மூத்தவங்க நீங்கதானேன்னு நெனச்சு அழுதுட்டு வந்தனே. அப்ப யாருங்க?"

"யாருமில்ல. வந்தது வந்துட்டீங்க, மூட்டைய எறக்குங்க" என்றார் கிருஷ்ணசாமி, முகம் மாறாமல்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. "நிறுவைக்கு முன்னாடியே எல்லாரும் வந்துட்டாங்க. அழுதுட்டே வேற வர்றாங்க, அவ்வளவு அக்கறை. எப்படி?"

"புதுச் சங்குங்க" என்றார் கிருஷ்ணசாமி.

"எந்தக் கம்பெனி?"

கிருஷ்ணசாமி என்னைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நான், "கடல்ங்க, ஐயா" என்றேன்.

சங்கை வாங்கி முகர்ந்து பார்த்த முதலாளி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, ஜீப்பில் ஏறும்வரை நிறுத்தவில்லை. ஏறும்போது, "இந்தத் தம்பி இருக்கட்டும்" என்றார்.

இருக்கிறேன், பதினான்கு வருடங்களாக. இப்போது பெரிய கிளார்க்கே நான்தான். அடுத்த மாதமே சைரன் வந்துவிட்டது. ஆனால் கரண்ட் போனால் இன்றும் அந்தச் சங்குதான், ஊதுவது நான்தான். (ஒரே ஒரு முறை, அதுவும் குட்டையாக.) எதையாவது வாங்கி வரச் சொன்னால் என் மனைவி மறக்காமல் சேர்த்துக்கொள்வாள்: "கடையில இருந்து வாங்குங்க. கடல்ல இருந்து வேண்டாம்."

கிருஷ்ணசாமி ரிட்டயராகி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். வருடா வருடம் அதே தேதியில், சரியாக 10.45-க்குப் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"தம்பி, நான் இன்னும் இருக்கேனுங்க. அவசரப்பட்டு ஊதிராதீங்க."