முஸப்பா படகுக்கு மசகு போட்ட கதை

இந்தத் தடவை மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று முஸப்பா முடிவெடுத்தபோது காலை ஏழு மணி. ஏழேகாலுக்கு அதை மனைவியிடம் சொல்லும் தைரியம் போய்விட்டது. சரி, நம் சார்பில் படகு சொல்லட்டும் என்று தீர்மானித்தார்.

ஷம்மாவின் ஊரான கும்ஸாருக்குச் சாலை கிடையாது. அவர்கள் குடியிருக்கும் ஓமானின் கஸபிலிருந்து படகில்தான் போகவேண்டும். ஆறு மாதமாக அவள் பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மறுநாள் கிளம்பி ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. அந்த வீட்டில் முஸப்பாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வேலை என்னவோ கொத்தனார், தச்சர், ஆட்டுக்கொட்டில் காவலர்.

படகின் ஸ்டியரிங் கொஞ்ச நாளாகவே இறுக்கம். சக்கரத்தைத் திருப்பினால் இன்ஜின் பக்கத்துக் குழாய்க்குள் ஒரு கம்பி போய்வரும். கம்பியை உள்ளே இழுத்துவைத்துத்தான் கிரீஸ் அடிக்கவேண்டும். வெளியே நீட்டிவைத்து அடித்தால் குழாய் அடைத்துப் பூட்டிக்கொள்ளும் என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை முஸப்பா செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டார். கம்பியை முழுசாக நீட்டி, கிரீஸ் கன்னைக் கை வலிக்க வலிக்க அழுத்தினார். சக்கரம் கல்லாகிவிட்டது.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஷம்மா, மனசைத் தேத்திக்கோ."

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஸ்டியரிங்."

"அடச்சீ! மனுஷங்களுக்கோன்னு பயந்துட்டேன்."

"நல்லா ஓடட்டுமேன்னு மசகு போட்டேன். மசியவே மாட்டேங்குது. கேபிளே மாத்தணும். மஸ்கட்லேருந்து வர பத்து நாளாகும்."

"மசகு போட்டும் மசியலையா? இந்த வீட்ல அதுக்காவது அந்தத் தைரியம் இருக்கே."

அவளே கரைக்குப் போய்ப் பார்த்தாள். குழாய் ஓரத்தில் பிதுங்கியிருந்த கிரீஸை விரலில் தொட்டாள். கம்பியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"பாவம், ரொம்ப உழைச்சிருக்கீங்க."

அவ்வளவுதான். சண்டையில்லை, அழுகையில்லை. வீட்டுக்குத் திரும்பி, அடுக்கிவைத்த துணிப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் போனை எடுத்தாள். முஸப்பாவுக்கு மனசு லேசாக உறுத்தியது. ஒரு வாரம் துறைமுகத்தில் சீட்டாடலாம் என்று நினைத்ததும் அந்த உறுத்தல் நின்றுவிட்டது.

மறுநாள் மதியத் தொழுகை முடிந்து வந்தால், கரையில் ஷம்மாவின் தம்பி ஹுமைதின் படகு. ஹுமைத் முஸப்பாவின் படகில் குனிந்திருந்தான். மரையைக் கழற்றி, கம்பியை உருவி, குழாயைத் துடைத்து, திரும்ப மாட்டினான். கம்பியை உள்ளே இழுத்துப் புதுக் கிரீஸ் அளவாகப் போட்டான். அரை மணி நேரம். சக்கரம் ஒற்றை விரலுக்குச் சுழன்றது.

தோற்றாலும் மானத்தோடு தோற்போம் என்று முஸப்பா சிரித்துவைத்தார்.

"அட, சரியாப்போச்சே! இரு ஷம்மா, என் துணியை எடுத்துட்டு வந்துடறேன்."

"நீங்க எதுக்குங்க?"

"எதுக்கா? கும்ஸாருக்கு!"

"அங்க எனக்கு ஒரு வாரம் ஓய்வு. சமையல் தம்பி பொண்டாட்டி பாத்துப்பா."

"அப்ப படகை யார் ஓட்டுவா?"

"கும்ஸார்ல பொறந்தவகிட்ட கேக்கற கேள்வியா இது?" துணிப்பையோடு ஏறிக்கொண்டாள். "நீங்க தனியா என்ன பண்ணுவீங்கன்னு நேத்தே யோசிச்சிட்டேன். அம்மாவுக்கும் இங்கதான் ஒரு வாரம் முழங்கால் வைத்தியம்."

இன்ஜின் உறுமியது. ஷம்மா சக்கரத்தைத் திருப்ப, படகு அழகாக வளைந்து வெளியேறியது.

ஹுமைதின் படகு மறைத்திருந்த நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது: "மாப்ள, எனக்குக் கால்தான் வலி, வாய் நல்லாத்தான் இருக்கு. போய் அடுப்பைப் பத்தவைங்க, நான் சொல்லச் சொல்ல செய்யலாம்."