ஆறு எம்.எம். பிளேட்டில் ஒரு கம்ப்யூட்டர்

மீஞ்சூர்,
ஆகஸ்ட் 2007

கர்த்தருடைய கிருபையால் பெங்களூரில் ஏ.சி. அறையில் சுகமாயிருக்கும் மைத்துனர் தானியேல் அவர்களுக்கு, அதே கிருபையால் கரண்ட் போன வீட்டிலிருந்து ஜெயராஜ் எழுதுவது. உங்கள் அக்கா செண்பகத்துக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. எனக்கு உங்களைத் தவிர வேறு குறை இல்லை. போன் செய்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பழையது என்று கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் விஷயமாக எழுதுகிறேன். திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும், இடத்தை அடைக்காது என்றீர்கள். இப்போது அது கட்டில், தையல் மெஷின், ஜன்னல் திட்டு ஆகிய மூன்று இடங்களில் பரவிக் கிடக்கிறது. பிரித்துப் போட்டவள் என் மகள் பிரின்சி. கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லப்பா, நல்லாத்தான் ஓடுது. பின்னாடி பாக்க அசிங்கமா கீது. ஸ்டாண்டு கழுத்து ஏறாது, எறங்காது. சூடு போவ வழியில்ல. நான் வேற மாதிரி டிசைன் பண்றேன்" என்றாள். யார் கேட்டார்கள் என்றேன். "யாரும் கேக்கல. இது கான்செப்ட்டு. என் சொந்த புராஜெக்டு." யார் செய்வார்கள் என்றேன். "யாரும் செய்யத் தேவல." யாரும் கேட்காத, யாரும் செய்யப்போகாத சாமானுக்குச் சோறு தண்ணி மறந்து படம் வரைகிற வழக்கத்தை எங்கே கற்றாய் என்றேன். "தானி மாமாதான் நெட்டுல காட்டினாரு." மச்சான், இந்த இடத்துக்கு மேல் மரியாதை கட்டுப்படியாகவில்லை. இனி நீ என்றே எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த பெண்ணுக்காக எங்கள் வெல்டிங் ஷெட் முதலாளி வீரராகவனிடம் கெஞ்சி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பில் அடிக்கிற வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை போய் முகத்தைக் காட்டினால் போதும். உலகத்தில் எல்லாரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள். இவள் மட்டும் பின்னால் உட்கார்ந்து அதன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

புதன்கிழமை நடந்ததைக் கேள். பிரின்சி வரைந்த படம் கசங்கக்கூடாது என்று உன் அக்கா அதை என் பையில் ஷெட் டிராயிங்குகளோடு சேர்த்து வைத்திருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேஜைக்கு வந்த டிராயிங்கை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, வெட்ட வேண்டும். தகட்டின் கனம் எழுதியில்லாவிட்டால் கைக்கு அகப்பட்ட தகடு. இந்தச் சட்டத்தைப் போட்ட ஃபோர்மேன் நான்தான். பையை மேஜையில் வைத்துவிட்டு, எளாவூர் செக்போஸ்டில் மாட்டிய எங்கள் லாரியை மீட்கப் போனேன். திரும்பி வந்தால் வெல்டர் அப்பாவு ஒரு கம்ப்யூட்டரை வெல்டு வைத்து, கிரைண்டிங் போட்டு, ரெட் ஆக்சைடு பெயிண்டும் அடித்து நிறுத்தியிருக்கிறான். ஆறு எம்.எம். பிளேட்டில்.

"இன்னாடா இது?"

"நீதான அண்ணே, டிராயிங் வந்தா வாய மூடிக்கினு வெட்டுன்னுவ. பாயிலருக்கு மூடியோன்னு நெனச்சேன். கழுத்துதான் ரொம்பப் பேஜாரு பண்ணிச்சு."

முதலாளி வந்து, எந்தப் பார்ட்டி ஆர்டர் என்று கேட்டார். சாம்பிள் என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்பதற்குள் நானும் அப்பாவுவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை ரயிலில் ஏற்றினோம். பெட்டியில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "இன்னா நைனா, உண்டியலா? எந்தக் கோயிலுக்கு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சி.டி. போடுகிற வாயில் ஒரு ரூபாயைப் போட்டுக் கும்பிட்டாள். அது வெளியே வரவில்லை. இன்னும் உள்ளேதான் உருண்டுகொண்டிருக்கிறது.

வீட்டில் உன் அக்கா கலங்கவே இல்லை. "பீரோ பக்கத்துல வைங்க. பூட்டு உண்டா?" என்றாள். பிரின்சியாவது அழுவாள், புத்தி வரும் என்று நினைத்தேன். அவள் மண்டியிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். "அப்பா, கழுத்து ஒரே வளைவா வரணும். அப்பாவு மாமா ரெண்டு துண்டா வெட்டி ஒட்டிக்கீறாரு. பிளேட்டும் ரெண்டு எம்.எம். போதும்" என்றாள். எங்கள் ஷெட் வேலையில் குறை சொல்ல முதலாளிக்கே தைரியம் வந்ததில்லை. ஆத்திரத்தோடு நானும் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. அதில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஆகையால் நீ உடனே அவளுக்கு எழுத வேண்டும். கான்செப்ட் என்பது பெங்களூரில் சம்பளம் வாங்குகிறவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு செய்வது, கும்மிடிப்பூண்டியில் திங்கட்கிழமை என்று ஒரு கிழமை உண்டு, பேசாமல் வேலைக்குப் போ என்று எழுது. நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் ஸ்கேல் கேட்கிறாள்.

உன் வீட்டாரையும் உன் வேலையையும் கர்த்தர் காக்கட்டும். கை ஒழிந்தால் உன் வாயையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய
ஜெயராஜ்

பி.கு.: மேலே சொன்ன கடிதத்தை இப்போதைக்கு எழுதாதே. கழுத்தை ஒரே வளைவாக வளைக்கவே முடியாது என்று அப்பாவு இன்று எல்லார் முன்னாலும் சொன்னான். முடியும் என்று நான் சொல்லிவிட்டேன். ஷெட் சாவி என்னிடம் இருக்கிறது, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போகிறோம், பிரின்சியும் வருகிறாள். இந்த முறை கனத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். அடியில் ஒட்ட மெல்லிய கறுப்பு ரப்பர் அங்கே கிடைத்தால் நீயாகவே அனுப்பியது போல அனுப்பு. திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன்.