நூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குத் தங்க நிறம்

வெளிப்படைத்தன்மை என்னும் மகத்தான பொருள் செங்கல்பட்டில்தான் முதன்முதலாகத் தயாரானது என்று சொன்னால் மற்ற மாவட்டக்காரர்கள் வருத்தப்படுவார்கள். படட்டும். அதற்காக உண்மையை விழுங்க முடியுமா? அதையும் வெறுமனே தயாரிக்கவில்லை, ஐந்து நிறத்தில் தயாரித்தார்கள். தயாரித்தவர் கரையோர முன்னெச்சரிக்கைப் பிரிவின் துணை இயக்குநர், திருவாளர் எல்லப்பன் அவர்கள்.

கரையோரப் பிரிவு என்பதால் அந்த அலுவலகம் கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரி தெரியும். எல்லப்பன் தினமும் காலையில் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கடல் அமைதியா இருக்குன்னு எழுதிக்கோங்க" என்பார். கண்காணிப்பாளர் ரேணுகா பதிவேட்டில் எழுதிக்கொள்வார். நான்கு வருஷமாகக் கடல் ஒருநாள்கூட அவர் பேச்சை மீறியதில்லை. பதிவேட்டைத்தான் சொல்கிறேன்.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்குக் கோவளத்திலிருந்து ஒப்பந்தப் பணிக்கு வந்து சேர்ந்தாள் ஹனியா. அவளுடைய அத்தா நூர்முகமது கோவளம் கடைத்தெருவில் படகு எஞ்சின் சாமான் விற்கிறவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே யார் படகு போகிறது என்று சொல்லிவிடுகிற பெண். போன வருஷ மழைக்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிய அலையில் அந்த ஊர் மீனவர் ஏசுதாஸின் படகு கவிழ்ந்து, மனுஷன் ஒரு காலி டீசல் கேனைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதந்தார். கரையில் கத்தக்கூடத் தெம்பில்லாமல் நின்ற அவர் மனைவி மேரியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஹனியாதான்.

அந்தக் கை அவளைச் சும்மா இருக்க விடவில்லை. வேலைக்கு வந்த மூன்றாம் வாரமே ஒரு புரோகிராம் எழுதி முடித்தாள். இருநூற்றுச் சொச்சம் வரி. கடலில் மிதக்கும் கருவி அலையின் உயரத்தை அனுப்பும். உயரம் அளவு மீறினால், கோவளத்தில் மீன் ஏலம் விடும் கொட்டகையின் மேலே இருக்கும் சைரன் தானாக அலறும். சைரனும் வந்து கம்பத்தில் ஏறிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று, சைரனுக்குக் கரண்டு. அதற்கு எல்லப்பனின் ஒரு கையெழுத்து. மழைக்காலத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

கோப்பு அவர் மேசைக்குப் போயிற்று. மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. எல்லப்பன் டப்பாவைத் தூக்கினார், கோப்பை வைத்தார், டப்பாவை அதன்மேல் வைத்தார்.

"ஃபேன் காத்துக்குப் பறந்துடும்மா. பத்திரமா இருக்கட்டும்."

ஹனியா மூன்று நினைவூட்டல் கடிதம் கொடுத்தாள். மூன்றும் பத்திரமாயின.

அதற்குப் பிறகு அவள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டுப் புரோகிராமுக்குள்ளேயே எழுத ஆரம்பித்தாள். புரோகிராமில் குறிப்பு வரி என்று ஒன்று உண்டு. மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைப்பது. இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். எழுதினாலும் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற வகையில் அதுவும் அலுவலகக் கடிதமும் ஒரே ரகம்தான். சைரனை ஒலிக்கவைக்கும் வரிக்கு மேலே, நூற்றுப் பன்னிரண்டாம் வரியில், மனதில் இருந்ததை நல்ல தமிழில் எழுதினாள். மனசு லேசாயிற்று. சாப்பிடப் போய்விட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து எல்லப்பன் அவளைக் கூப்பிட்டார்.

"புரோகிராம் எழுதியிருக்கியாமே, ஃபைல்ல வெச்சியா?"

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். புரட்டினார். முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது, துக்கச் சேதி மாதிரி கறுப்பும் வெள்ளையுமா? உன் கம்ப்யூட்டர்ல கலர் கலரா இருந்துச்சே."

"அது எடிட்டர், நான் எழுதற சாஃப்ட்வேர், காட்டற கலர் சார். படிக்கறதுக்கு வசதியா. புரோகிராமுக்குன்னு கலர் கிடையாது."

"அப்போ கலரை நீ வெச்சிக்கினு மிச்சத்தை எனக்குக் குடுத்திருக்க." அவர் ரேணுகா பக்கம் திரும்பினார். "வெளிப்படைத்தன்மைன்னா இன்னாம்மா?"

"எதையும் மறைக்காம இருக்கறது சார்."

"கலரை மறைச்சா?"

"தப்பு சார்," என்றார் ரேணுகா. இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

ஹனியா தன் இடத்துக்குப் போனாள். எடிட்டரில் முக்காற்புள்ளியைத் தட்டி ஒரே ஒரு சொல்லைக் கட்டளையாகக் கொடுத்தாள். திரையில் இருந்த புரோகிராம், இருந்த நிறங்களோடு அப்படியே ஒரு எச்.டி.எம்.எல். இணையப் பக்கமாக மாறி நின்றது. இனி எந்த போனில் திறந்தாலும் நிறம் தெரியும்.

எல்லப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பட்டுப்புடவைக் கடையில் உட்கார்ந்தவர் போல இருந்தார்.

"எவ்ளோ நேரம் ஆச்சு இதுக்கு?"

"நாலு செகண்டு சார்."

"வெளியில சொல்லாத. நாலு செகண்டு வேலைக்கு நாலு பேர் கமிட்டி எப்படிப் போடறது? மூணு வாரம்னு எழுது."

நாட்டில் எத்தனையோ கமிட்டிகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் 'நிறப் பரிசீலனைக் குழு' போல உழைத்த குழுவைப் பார்க்க முடியாது. முதல் வாரம் அச்செடுப்பதிலேயே போயிற்று. ஹனியாவின் எடிட்டரில் பின்னணி கறுப்பு, ஆகவே பக்கமும் கறுப்பு. கொட்டை எழுத்தில் பதினெட்டுப் பக்கம் அச்சடித்ததில் அலுவலகத்தின் இரண்டு டோனரும் காலி. குடும்ப அட்டை கேட்டு வந்த ஒருவர் மாடி தவறி ஏறி வந்து, கறுப்புத் தாள்களைப் பார்த்து, "கரண்டு போய்டுச்சா சார்" என்று கேட்டுவிட்டுப் போனார். வெள்ளைப் பின்னணிக்கு மாற்ற ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

இரண்டாம் வாரம், எண்கள் ஏன் சிவப்பு என்று ஒரு கேள்வி வந்தது. சிவப்பு என்றால் ஆபத்து, மக்கள் பீதியடைவார்கள். அலை அளவை மீறினால் பீதியடையத்தானே சார் சைரன் என்று ஹனியா கேட்டது கூட்டக் குறிப்பில் இடம்பெறவில்லை. எண்கள் பச்சையாயின.

மூன்றாம் வாரம் எல்லப்பனின் விரல் நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் வந்து நின்றது.

"இது மட்டும் ஏன் சாம்பல் பூத்துப் போயிருக்கு?"

"அது குறிப்பு சார். மனுஷங்களுக்கு எழுதினது. மிஷின் படிக்காது."

எல்லப்பன் எழுந்து நின்றுவிட்டார். "மிஷினுக்கு எழுதினது பளபளன்னு இருக்கு. மனுஷனுக்கு எழுதினது மங்கிப்போய்க் கிடக்குது. இதுக்கா சுதந்திரம் வாங்கினோம்? தங்க நிறம் குடு. மூணு மடங்கு பெரிசாக்கு."

"சார், பெரிசாக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி படிச்சுப் பாத்துட்டு..."

"படிக்கறது எல்லாம் கீழ இருக்கறவங்க வேலைம்மா. நான் அப்ரூவ் பண்றவன்."

பண்ணினார். பதினெட்டுப் பக்கத்திலும் முத்திரை விழுந்தது.

மறுநாள் ஹனியா போய், ஒரே ஒரு வரியை எடுத்துவிட அனுமதி கேட்டாள். அப்ரூவ் ஆன ஆவணத்தில் ஒரு புள்ளி நகர்ந்தால்கூட அவள் ஒப்பந்தம் நகர்ந்துவிடும் என்று பதில் வந்தது. வெளியே வந்தவளை ரேணுகா தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"நூத்திப் பன்னெண்டுதானே? நான் அன்னிக்கே படிச்சிட்டேன்."

"மேடம், சொல்லிடட்டுமா அவர்கிட்ட?"

"வாயைத் தொறக்காத. எங்க செய்யூர் பக்கம் ஒரு பாலம் ஃபைலு, ரெண்டு வருஷமா அதே டப்பாக்குக் கீழ கீது. தெனம் தூசி தட்டறது நான்." அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "விழாவுக்கு பிஸ்கட்டு நான் எடுத்துக்கினு வரேன்."

விழா கோவளம் கடற்கரையில். இருபதுக்குப் பத்தடி பிளெக்ஸ் பேனரில் மொத்தப் புரோகிராமும் ஐந்து நிறத்தில் காற்றுக்குப் படபடத்தது. அதன் பின்னால், கம்பத்தில், கரண்டு இல்லாத சைரன். முன்வரிசையில் மீன்காரப் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

எல்லப்பன் மைக்கைப் பிடித்தார். "இதுவரைக்கும் எந்த அலுவலகமாவது தன் புரோகிராமைக் கலரோட மக்களுக்குக் காட்டியிருக்கா? எங்ககிட்ட ஒளிவுமறைவு இல்லை. யார் வேணும்னாலும் வந்து எந்த வரியை வேணும்னாலும் படிக்கலாம். யம்மா, நீங்க வாங்க."

அவர் கை காட்டியது மேரியை. மேரி புடவையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"எனுக்கு இங்கிலீசு வராது சார்."

"தமிழ்லயும் இருக்கும்மா. அதோ, தங்க நிறத்துல, பெரிசா. உங்களுக்காகவே சொல்லி வெச்சது."

மேரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். மைக் அவள் வாய்க்கு எதிரே இருந்தது, பிடித்திருந்தவர் எல்லப்பன்.

"கீழே உள்ள வரி... வேலை செய்யாது. சைரனுக்குக் கரண்டு இல்லை. கையெழுத்து வேண்டிய கோப்பு... இருபத்திரண்டு நாளாக... எல்லப்பன் சார் மேசையில்... பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முந்திரி பிஸ்கட்."

முன்வரிசைப் பெண்கள் எல்லப்பன் பக்கம் திரும்பினார்கள்.

"அது வந்து..." எல்லப்பன் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "மாதிரிக்கு எழுதினது."

"இன்னா மாதிரி? எங்க வூட்டுக்காரு ரெண்டு மணி நேரம் கேனைப் புட்சிக்கினு மெதந்தாரே, அதுவும் மாதிரிக்கா?" மேரி ஹனியாவைத் தேடித் திரும்பினாள். "இன்னாடி ஹனியா, இருபத்திரண்டு நாளுன்னு கீது. மெய்யா?"

ஹனியா எழுந்தாள். "அது எழுதினப்ப இருபத்திரண்டு, மேரிக்கா. கலர் பாத்து முடிக்கறதுக்குள்ள நாப்பத்தி ஒண்ணாயிடுச்சு."

"ஃபைலு செங்கல்பட்டுல இருக்கும்மா," என்றார் எல்லப்பன். "நாளைக்கு முறைப்படி..."

ரேணுகா பையைத் திறந்து பிஸ்கட் டப்பாவை வெளியே எடுத்தார். அதன் அடியில், நாற்பத்தொரு நாள் சிந்திய டீயில் ஒட்டிக்கொண்டு, கோப்பும் கூடவே வந்தது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நூர்முகமது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றியே நீட்டினார். மேசை இல்லை. டப்பாவின் மேலேயே கோப்பை வைத்து எல்லப்பன் கையெழுத்துப் போட்டார். டப்பா மேலே இல்லாமல் கீழே இருக்கும்போது கோப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்பது அன்றைக்குத்தான் நிரூபணமாயிற்று.

நான்காம் நாள் கரண்டு வந்தது. பதினோராம் நாள் விடிகாலையில் சைரன் அலறியது. இறங்கத் தயாராக இருந்த பத்தொன்பது படகும் மணலிலேயே நின்றன. அரை மணி நேரத்தில் பனைமர உயரத்துக்கு அலை எழுந்து கரையை அறைந்தது. ஏசுதாஸ் டீக்கிளாசைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இன்னா சத்தம்டி இது, காது பேஜாராப் போச்சு."

"காதுதான போச்சு," என்றாள் மேரி.

அன்றைய பதிவேட்டில் கடல் அமைதியாக இருந்தது. ஏரியில் அலை இல்லை.

ஹனியாவுக்குப் பாராட்டுச் சான்றிதழும், விளக்கம் கேட்டு மெமோவும் ஒரே உறையில் வந்தன. கூடவே எல்லா ஊழியருக்கும் ஒரு சுற்றறிக்கை: 'வெளிப்படைத்தன்மையை மேலும் வலுப்படுத்தும் பொருட்டு, புரோகிராம்களில் மனிதர்களுக்கான குறிப்புகள் இனிமேல் பின்னணியின் நிறத்திலேயே அமைதல் வேண்டும். பின்னணி வெள்ளையாக இருத்தல் வேண்டும்.'

ஹனியா கீழ்ப்படிந்தாள். அன்று மாலையே பக்கம் வலைத்தளத்தில் மாறிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் வரி இருந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளை. எல்லப்பன் அதைத் திரையில் பார்த்து, இத்தனை வருஷ சர்வீசில் இவ்வளவு சுத்தமான ஆவணத்தைக் கண்டதில்லை என்று மனதாரப் பாராட்டினார். நாமும் பாராட்டுவோம். ஒன்றுமே தெரியாத அளவுக்கு வெளிப்படையாக இருப்பது எல்லா அலுவலகத்துக்கும் வாய்க்காது.

கோவளத்தில் மீன் விற்று முடித்த மேரி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஹனியா சொல்லிக்கொடுத்தபடி, வெள்ளை இடத்தின்மேல் விரலை அழுத்தி வைத்து ஒரு இழு இழுத்தாள். விரல் போன வழியெல்லாம் நீலம் படர்ந்தது. அதற்குள்ளிருந்து எழுத்து எழுந்து வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று மேரி உரக்கவே படித்தாள்:

"பக்கத்து ஊர் திருவிடந்தை சைரன். கையெழுத்துக்கு வைத்து ஒன்பது நாள். டப்பா புதியது. இடம் பழையது."