கம்பெனிக்கு ஏது உடம்பு

லீவு முடிந்து சைட்டுக்கு வந்த மேலாளர், அந்தப் பழைய பங்களா மண்மேடாகக் கிடப்பதைப் பார்த்துப் பூரித்துப் போனார். ஆள் நடமாட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, காதும் காதும் வைத்தாற்போல இடித்துவிடும்படி பொக்லைன் டிரைவரிடம் சொல்லிவைத்தவர் அவர்தான். அந்தப் பூரிப்பு, அரசாங்க ஜீப் வந்து நிற்கும்வரை நீடித்தது.

"இது பாரம்பரியக் கட்டடம், தொடக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் அதிகாரி.

"போர்டு எதுவும் இல்லையே சார்."

போர்டு மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது. அதிகாரி அதையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

மேலாளர் பதறிப்போய்ப் பொக்லைன் டிரைவருக்குப் போன் போட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார். அந்த பங்களா..."

"போன்ல அதைப் பத்திப் பேசாதப்பா. உடனே உங்க அக்கா ஊருக்குக் கிளம்பிடு. போனை அணைச்சு வை. யார் கேட்டாலும் வாயத் திறக்காத. நான் கேட்டாக்கூட."

டிரைவர் சொன்ன பேச்சைத் தட்டாதவன்.

அடுத்து, டிரைவர் தன் இஷ்டத்துக்கு இடித்துவிட்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார் மேலாளர். "அப்ப அவனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஆளைக் காணோம் என்றதும், சாட்சியை மறைத்ததாக இன்னொரு வழக்கும் சேர்ந்துகொண்டது.

முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இத்தனை வருஷத்தில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கேஸ் கம்பெனி மேல. கம்பெனிக்கு ஏது உடம்பு? கூண்டுல ஏறி நிக்கப் பொறுப்பான ஆள் ஒருத்தர் வேணுமாம். இன்னிலேர்ந்து நீங்க டைரக்டர்."

வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "எப்பவோ குடுத்திருக்கணும். தனி ரூம் உண்டாமா?"

"இன்னும் முடிவாகல. ஜட்ஜுதான் சொல்லணும்."

வக்கீல் கடைசியாக ஒரு வழி சொன்னார். "ஒத்துக்குங்க. மனசார வருத்தப்பட்டா தண்டனை குறையும்."

மேலாளர் மனசார வருத்தப்பட்டார். நாள் குறித்தது, போர்டைக் கழற்றியது, காவல்காரருக்கு லீவு கொடுத்தது என்று ஒன்று விடாமல் கண்ணீர் மல்கச் சொன்னார். வக்கீல் கண்ஜாடை காட்டியும் நிறுத்தவில்லை.

நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு திட்டம் போட்டுச் செஞ்சிருக்கீங்க" என்றார். கம்பெனி அதே பங்களாவை அதே இடத்தில் அச்சு அசலாகக் கட்டித் தர வேண்டும். டைரக்டருக்கு ஆறு மாதம் ஜெயில்.

வெளி வராந்தாவில் டிரைவர் நின்றுகொண்டிருந்தான். வழக்கு விவரம் அன்றுதான் தெரிந்து ஓடி வந்திருந்தான். மேலாளருக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை.

"இனிமே தாராளமாப் பேசலாம்பா" என்றார்.

டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"அன்னிக்கு வண்டி ரிப்பேர் சார், ஷெட்டை விட்டே கிளம்பல, இடத்தையாவது பாத்துட்டுப் போகலாம்னு சைட்டுக்கு வந்தா, முந்தின நாள் மழைக்கு பங்களா தானாவே விழுந்து கிடந்துச்சு."