நான் தேறிவிடவில்லை, அக்கா

மூலக்குளம்,
செவ்வாய்க்கிழமை

தட்டாஞ்சாவடியில் பேரன் பேத்திகளோடு சீரும் சிறப்புமாக இருக்கும் அக்கா ஜெயம் அவர்களுக்கு, தம்பி அம்மாவாசை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நலமில்லை. போனில் சொன்னால் உன் காதுக்கு எட்டாது என்பதால் இந்தக் கடிதம்.

போன வாரம் என்னைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி பூரிச்சிப்போயி நல்லா தேறிட்டடா" என்று மகிழ்ந்தாயே, அது தேறியதில்லை, தண்ணீர். என் கிட்னி சோம்பேறியாகிவிட்டதால் குடிப்பதெல்லாம் வெளியே போகாமல் காலிலும் முகத்திலும் குடியேறி, பிரஷரையும் நூற்றெண்பதுக்கு ஏற்றிவிட்டது. காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான், உப்பும் கூடாது என்றார் டாக்டரம்மா. நீயோ வழியெல்லாம் தம்பி தேறிவிட்டான் என்று சொல்லிக்கொண்டே போக, அந்தத் தேறிய உடம்பைப் பார்க்க ஏழு வீட்டுச் சொந்தமும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இறங்கியது. வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்ப என் வீட்டுக்காரி மணியம்மாளுக்கு மனசு வராது. அவர்களை மட்டும் குடிக்கவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தால் மரியாதையில்லையாம், எனக்கும் ஒரு டம்ளர். எனக்காக உப்பில்லாமல் சுட்ட பஜ்ஜியைத் தின்ற சம்பந்தி, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று முகம் சுளிக்க, மணியம்மாள் உப்புப் போட்டு மறுபடி சுட்டாள். அதிலும் எனக்குப் பங்கு. மூன்றே நாளில் இரண்டரை கிலோ ஏறினேன். எடை மிஷினைப் பார்த்துப் பூரித்த சின்னப்பாப்பா சித்தி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து, அந்தத் தண்ணீரையும் பிரசாதமென்று என் வாயில் ஊற்றிவிட்டார்.

விளையாட்டில்லை அக்கா. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தேதான் தூங்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எடை இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை நம் கார்குழலிக்கு வளைகாப்பு. ஒரே மகளுக்கு வளையல் போடும்போது நான் கட்டிலில் கிடப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆகவே அதுவரை யாரும் என்னைப் பார்க்க வரவேண்டாம் என்று நீதான் ஏழு வீட்டுக்கும் பக்குவமாகச் சொல்லவேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்க அந்த மாரியம்மன் துணை.

உன் அன்புத் தம்பி,
அம்மாவாசை

பி.கு.: இதை மணியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். வராதே என்று கடுதாசி போட்டால் சொந்தம் அறுந்துபோகுமாம். "நாமளே நேர்ல போயி பதமா சொல்லிட்டு வந்துடலாம்" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஏழு வீட்டையும் நாளைக்கே முடித்துவிடுகிறோம். காலை ஷிப்டுக்கு அந்தப் பக்கம் வரும் மாப்பிள்ளை வினோத்குமார் இந்தக் கடிதத்தைக் கொடுப்பார். பத்து மணிக்கு முதலில் உன் வீட்டுக்குத்தான் வருவோம். எனக்குக் காபியில் சர்க்கரை மட்டும் கம்மியாகப் போடு.