தலைவரின் திசைகாட்டியில் ஒரு குமிழி

உலக வரலாற்றில் காற்றுக்கு உரிய மரியாதையைக் கொடுத்த ஒரே அமைப்பு எங்கள் திசையறி ஓட்டக் கழகம்தான். மற்றவர்கள் காற்றை மூச்சு விடவும் டயரில் அடைக்கவும் பயன்படுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள். நாங்கள் அதற்கு அந்தஸ்து கொடுத்தோம்.

திசையறி ஓட்டம் மிக உயர்ந்த விளையாட்டு. காட்டுக்குள் அங்கங்கே கொடி கட்டியிருப்பார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. கொடிகளையெல்லாம் வரிசையாகக் கண்டுபிடித்து, இருட்டுவதற்குள் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிலர் எதையோ தொலைத்துவிட்டுப் புதர் புதராகத் தேடுவதுபோல் இருக்கும். அது அவர்களுடைய பார்வைக் கோளாறு.

கழகத்தின் தலைவர் என் தங்கையின் கணவர். அந்தப் பதவிக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஆண்டுப் போட்டியில் தலைவரும் ஓட வேண்டும். இருட்டுவதற்குள் அவர் எல்லைக்கோட்டைத் தாண்டாவிட்டால் பதவி போய்விடும்; முதலில் வந்து சேர்ந்தவருக்கு நாற்காலி. இந்த விதியை எழுதியவர் தலைவரேதான். அப்போது அவர் தலைவராக இல்லை.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவருடைய திசைகாட்டியில் குமிழி தோன்றியது. முள் துள்ளாமல் நிற்பதற்காக அதை எண்ணெயில் மிதக்கவிட்டு மூடியிருப்பார்கள். அந்த எண்ணெய்க்குள் மிளகளவு காற்று. சாவி செய்யும் கடைக்கு மேல்மாடியில் இருந்த கழக அறையில் நிர்வாகக் குழு கூடியது. தலைவர் திசைகாட்டியை மேசை நடுவில் வைத்தார். அது கழகம் பரிசாகக் கொடுத்தது, பின்புறம் அவர் பெயர் பொறித்தது.

துணைத்தலைவர் ஒரு பல் டாக்டர். அந்த அம்மாள் சின்ன விளக்கை எடுத்து அடித்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூடியில விரிசல் விட்டிருக்கு. எண்ணெய் கசியுது, அந்த எடத்துக்குக் காத்து வருது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடுங்க."

"உங்களுக்கு எடுத்துப் போடறது ஒண்ணுதான் தெரியும்," என்றார் தலைவர்.

"குளிர்ல வர்ற குமிழின்னா வெயில்ல வச்சா தானாப் போயிடும் சார். இது அது இல்ல. வளரும். அப்புறம் முள்ளு அதுல முட்டிக்கிட்டு நிக்கும். வடக்கு எதுன்னே தெரியாது."

"எனக்கு வடக்கைத் தெரியும் டாக்டர். வடக்குக்கும் என்னைத் தெரியும்."

இவ்வளவு கனமான ஒரு வாக்கியத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அன்று மாலை என் தங்கை என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அண்ணா, அந்தக் காம்பஸ்ல என்னமோ ஆயிடுச்சாமே."

"சின்னக் குமிழிதான்மா."

"அதனால இவர் பதவி போயிடுமா?"

"போனாலும் போகலாம்."

"போச்சுன்னா காலைல எழுந்து எங்க போவார்?"

நான் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை.

"கழகத்துக்கு வெள்ளையடிக்கறோம்னு பூட்டி வச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அத்தனை நாளும் வீட்லதான் இருந்தார். வாணலி கைப்பிடியெல்லாம் வடக்க பாத்து இருக்கணும்னார். உப்பு டப்பாவுக்கு மேப் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டினார். நான் குளிச்சிட்டு வந்தா, ஏன் சுத்து வழியா வந்தேன்னு கேட்டார்." கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "அவர் தலைவராவே இருக்கணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கரண்டியோடு நிற்பவளை என்ன செய்வது?

மறுநாளே 'குமிழி நலக் குழு' என் தலைமையில் அமைந்தது. அதில் இன்னொருவர் கழகச் செயலாளர். எடை அளவுத் துறையில் காலமெல்லாம் தராசுகளைச் சந்தேகித்தே ஓய்வுபெற்றவர்.

"ஒண்ணு தெளிவாகணும்," என்றார் அவர். "காத்து எண்ணெய்க்குள்ள நுழைஞ்சுதா, இல்ல எண்ணெய் காத்தைக் கூப்பிட்டுதா?"

"கூப்பிட்டுதுன்னே எழுதுங்க."

"அப்ப அது விருந்தாளி. விருந்தாளியைப் போன்னு சொல்ல முடியாது."

எங்கள் அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. டாக்டரம்மாவின் மறுப்பும் அந்த ஒருமனதில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அறிக்கையின் சாரம் இதுதான்: திசைகாட்டியில் தோன்றும் குமிழி பழுதன்று, நெடுங்காலம் சரியான திசையில் நடந்தவர்களின் கருவியில் தானாக உருவாகும் 'அனுபவ வெளி'. குமிழி இல்லாத திசைகாட்டி இன்னும் பக்குவப்படவில்லை என்று கொள்ளப்படும்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் உயர்ந்த கருத்துகள் நிற்பதில்லை. வாரம் முடிவதற்குள் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுபவம் தேவைப்பட்டது. சிலர் திசைகாட்டியை ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்கு அடியில் வைத்தார்கள். குமிழி அழகாக வந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு கழகத்துக்கு ஓடி வந்தால், மாடிப்படி ஏறுவதற்குள் அனுபவம் கரைந்துவிட்டது. செயலாளர் இந்தக் குறுக்குவழியை வெறுத்தார். தையல் ஊசியால் மூடியில் முறைப்படி குத்தி நிரந்தர அனுபவம் பெற்றார். எண்ணெய் கசிந்து சட்டைப் பையில் கறை பட்டது. அந்தச் சட்டையை அவர் துவைக்கவே விடவில்லை. இன்னொரு உறுப்பினரின் குமிழி தலைவருடையதைவிடப் பெரிதாகிவிட, அவரை அழைத்துக் கண்டித்து, தையல் மிஷின் எண்ணெய் ஊற்றிக் குறைக்கச் சொன்னோம்.

டாக்டரம்மா மட்டும் புதுத் திசைகாட்டி வாங்கினார். குமிழி கிடையாது.

"இன்னும் ஒண்ணும் வரலையா டாக்டர்?" என்று, கல்யாணமாகி ஓராண்டானவர்களிடம் சொந்தக்காரர்கள் விசாரிக்கும் குரலில் எல்லோரும் விசாரித்தார்கள்.

"வரல. வந்தா தூக்கிப் போட்டுடுவேன்," என்பார் அவர். பாவம், அவ்வளவு படித்தவர்.

போட்டி நாளன்று தலைவரின் குமிழி கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. முள் அதன்மேல் சாய்ந்து ஓய்வெடுத்தது. தலைவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளும் கூடவே திரும்பி, இதுதான் வடக்கு என்றது. ஒரு தலைவருக்கு வேறென்ன வேண்டும்? அவர் முன்னால் நடந்தார். நாங்கள் அனைவரும் பின்னால். எங்கள் முட்களும் ஆளுக்கொரு வடக்கைக் காட்டியதால், பெரிய குமிழியைப் பின்பற்றுவதே முறை என்று தோன்றியது. டாக்டரம்மா தனியாக வேறு பக்கம் போனார்.

கொடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"மாப்பிள்ளை, மேற்குன்னு சொன்னீங்களே, சூரியன் எதிர்ப்பக்கம் இறங்குதே," என்றேன்.

"அதுக்கு யார் சொல்றது மச்சான்? நீங்க வாங்க."

வெளிச்சம் குறையத் தொடங்கியபோது காடு முடிந்தது. எதிரே நீளமான கொட்டகை, கம்பிவலை, ஆயிரக்கணக்கில் கோழிகள். பண்ணைக்காரர் வாளியோடு வந்தார்.

"எல்லைக்கோடு எங்கங்க?" என்று கேட்டார் தலைவர்.

"இது கோழிப்பண்ணைங்க."

"அது தெரியுது. எல்லைக்கோடு எங்க?"

"நீங்கள்லாம் வழி தவறி வந்துட்டீங்களா?"

"நாங்க நிர்வாகக் குழு," என்றார் செயலாளர்.

தலைவர் கவிழ்த்து வைத்திருந்த தீவனத் தொட்டியின் மேல் உட்கார்ந்தார். திசைகாட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது.

"மச்சான், நாளைக்குக் காலைல நான் எங்க போவேன்?"

எனக்குக் கரண்டி ஞாபகம் வந்தது. உடனே எழுந்து, அவசரக் கூட்டம் தொடங்குவதாக அறிவித்தேன். கழக எல்லைக்கோடு நிர்வாகக் காரணங்களுக்காக, அன்று காலை முதலே அமலுக்கு வரும்படி, கோழிப்பண்ணை வாசலுக்கு மாற்றப்படுகிறது என்ற தீர்மானத்தை முன்மொழிந்தேன். செயலாளர் வழிமொழிந்தார். கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. பண்ணைக்காரரின் வாளியிலிருந்து தீவனத்தை அள்ளிச் செயலாளரே நேராகத் தூவினார். நாலா பக்கமிருந்தும் கோழிகள் ஓடி வந்தன. அவை எல்லையைத் தின்று முடிப்பதற்குள் தலைவர் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிட்டார். நாங்கள் கைதட்டினோம். என் தங்கையின் வாணலிகள் இனி இஷ்டப்பட்ட பக்கம் பார்த்து நிற்கலாம்.

அப்போதுதான் வேன் வெளிச்சம் தெரிந்தது. டாக்டரம்மா, பல் பரிசோதனை முகாமுக்குப் போகும் தன் வேனில் எங்களைத் தேடி வந்திருந்தார்.

"எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா? எல்லாக் கொடியும் பாத்துட்டு நல்ல வெளிச்சத்துலயே வந்துட்டேன். ஒருத்தரையும் காணோமேன்னு பயந்துட்டேன். ஏறுங்க."

ஏறினோம். வேன் காட்டுப் பாதையில் குலுங்கியது. கடமை கடமைதான், செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க வந்து சேர்ந்தீங்க டாக்டர்?"

"எல்லைக்கோட்டுக்கு."

"அது காலைலேர்ந்தே அங்க இல்லையே."

"அப்ப எங்க இருந்துது?"

"தலைவர் நின்ன எடத்துல."

டாக்டரம்மா பள்ளத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கழகமே ஒன்றுகூடி ஒரு திசையில் சென்றபோது, தாங்கள் மட்டும் எவருடைய அனுமதியுமின்றி வேறோர் இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது ஏன் என்று அவரிடம் விளக்கம் கேட்டேன். "காம்பஸ் அங்கதான் காட்டிச்சு," என்றார். இதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்தோம். வழி தவறிய குற்றத்துக்காக அவரைக் கழகத்திலிருந்து நீக்கும் தீர்மானம், அவருடைய வேனின் பின்னிருக்கைகளில் வைத்து நிறைவேறியது.

அதற்குள் சாலை பிரியும் இடம் வந்தது. ஒரு பலகையும் இல்லை. டாக்டரம்மா வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நான் உறுப்பினர் இல்ல. நீங்களே சொல்லுங்க. இடமா, வலமா?"

தலைவர் கம்பீரமாகத் தன் திசைகாட்டியை எடுத்தார்.

"வேண்டாம் டாக்டர், நீங்களே பாத்துப் போங்க," என்றோம் அத்தனை பேரும், தலைவர் உட்பட, ஒரே குரலில். கழகத்தை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம். இது வீட்டுக்குப் போகிற விஷயம் அல்லவா?